ஜீவனாம்சமும் அத்துவிடுதலும்

சி.சு. செல்லப்பாவின் ‘ஜீவனாம்சம்’ நாவலைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அதன் நனவோடை உத்தியைத்தான் மெச்சினார்கள். ‘எழுத்து’ பத்திரிகையில் தொடராக வந்து 1962-இல் நூலானது அது. இளம் விதவை சாவித்திரி அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அண்ணன் அவளுக்காகப் புகுந்த வீட்டார்மேல் ஜீவனாம்ச வழக்கு நடத்துகிறான். கடைசியில் அவள் மனசு புகுந்த வீட்டுப் பக்கமே திரும்பிவிடுகிறது. இதைத் தியாகம் என்று படித்துப் பழகிவிட்டோம். பங்கு இருக்கிறவள்தானே பங்கு வேண்டாம் என்று சொல்ல முடியும்? அம்சம் என்றாலே பங்குதான். நிலமும் வீடும் பின்னால் நிற்கிற சொல் அது. சேரியில் அதன் பின்னால் என்ன நிற்கிறது என்று நம் விமர்சகர் யாரும் கேட்கவில்லை.

நம் பக்கத்துச் சொல் ‘அத்துவிடுறது’. இதை வைத்து நம் தோழர்கள் பெருமை பேசுவதுண்டு. மேல்சாதிப் பெண் செத்தால்தான் விடுதலை, நம் பெண் தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மறுமணம் செய்துகொள்வாள், பார்ப்பனியம் நம்மைத் தொடவில்லை என்பார்கள். இதில் உண்மை உண்டு. இந்துச் சட்ட மசோதா விவாதத்தில், சூத்திரர்களிடம் மணவிலக்கு வழக்கமாகவே இருக்கிறது என்று அம்பேத்கர் எடுத்துச் சொன்னார். 1955 இந்து திருமணச் சட்டமும் 29-ஆம் பிரிவில் அந்த வழக்கத்தை விட்டுவைத்தது. பாமாவின் ‘சங்கதி’ (1994) கூலிக்குப் போகும் பெண்களின் வாய்த்துடுக்கையும் காட்டுகிறது, அடிபட்ட முதுகையும் காட்டுகிறது. நாம் மேடையில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

அத்துவிடுகிற பஞ்சாயத்தில் என்ன கணக்குப் பார்க்கிறார்கள்? கும்மிடிப்பூண்டி பக்கம் நான் பார்த்தவரை, அண்டா எத்தனை, குடம் எத்தனை, தோடு யாருடையது என்று பெரியதனக்காரர் எண்ணுவார். பிள்ளைகள் தாயோடு என்பதில் பேச்சே இல்லை. பிள்ளைக்கு மாசம் எத்தனை படி அரிசி என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. எங்கள் அத்தை ஒருத்தி, புருஷன் ரோலிங் மில்லில் கான்ட்ராக்ட் வேலை. அடி தாங்காமல் அவளே எழுந்து வந்துவிட்டாள். பஞ்சாயத்தில் யாரோ துட்டுப் பேச்செடுக்க, “அவன் துட்டு எனக்கு இன்னாத்துக்கு? கை காலு இல்லியா எனக்கு?” என்றாள். எல்லோரும் கை தட்டாத குறை. அது ரோஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ரோஷத்தில் மாசாமாசம் லாபம் பார்த்தவன் அவன். மூன்று பிள்ளைகளுக்கும் சோறு போட்டது அவள் செங்கல் சூளைக் கூலி.

சரி, கோர்ட்டுக்குப் போயிருந்தால்? குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 144. 2001 வரை மாசம் 500 ரூபாய்தான் உச்சவரம்பு. ‘தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இயலாத மனைவி’ என்கிறது பிரிவு. கை காலு இல்லியா என்று அவள் கேட்டதையே எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். கொஞ்சம் சம்பாதிப்பதாலேயே உரிமை போகாது என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் சொல்லியிருப்பது வேறு விஷயம். அடுத்த பொறி இன்னும் மோசம். இருவரும் சம்மதித்துத் தனித்து வாழ்ந்தால் ஜீவனாம்சம் இல்லை என்று அதே பிரிவில் ஒரு உட்பிரிவு. பஞ்சாயத்தில் கைநாட்டு வைத்த காகிதத்தை அவன் தூக்கிக் காட்டலாம். நாம் பெருமையடிக்கிற வழக்கமே அவளுக்கு எதிர்ச்சாட்சி.

வருமானத்தைக் காட்டுவது எப்படி? சிப்காட்டில் கான்ட்ராக்டர் கையில் கொடுக்கிற காசுக்குச் சீட்டு ஏது? 2020-இல் உச்ச நீதிமன்றம் இரு தரப்பும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும், மனு போட்ட நாளிலிருந்தே தொகை தர வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு, மாசச் சம்பளக்காரனுக்கு. தராதவனை ஒரு மாசம் வரை உள்ளே வைக்கலாம். உள்ளே போனாலும் பாக்கி தீராது என்று 1988-லேயே சொல்லியாயிற்று. ஆனால் மில் மாறிவிட்டவனுக்கு வாரண்டைக் கொடுப்பது யார்?

இரண்டாம் தாரமாக வாழ்ந்தவள் நிலை இன்னும் கீழே. கோவையிலிருந்து போன ஒரு வழக்கில், குடும்ப நீதிமன்றம் கொடுத்த 500 ரூபாய் உத்தரவை 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. அந்தத் தீர்ப்பில் ‘கீப்’ என்ற சொல் இருந்தது. இந்திரா ஜெய்சிங் எதிர்ப்புத் தெரிவித்தார். அந்தச் சொல்லைப் படித்தபோது சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ (1989) ஞாபகம் வந்தது. நியாயம் கேட்டுக் காத்தமுத்து வீட்டுக்கு வந்த தங்கம், அவனுடைய இரண்டு மனைவிகளுக்கு அடுத்தபடியாக அங்கேயே தங்கிப்போகிறாள். தலைவனே ஆளும் பஞ்சாயத்தும் ஆகிவிட்ட வீட்டில் அவள் யாரிடம் கணக்குக் கேட்பாள்? நம் ஆண்களைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று சிவகாமிமேல் வருத்தப்பட்டவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போனார்கள்.

அரசாங்கம் 1986-இலிருந்து ஒரு ஓய்வூதியம் தருகிறது. கணவனால் கைவிடப்பட்டோருக்கானது. அத்தைக்காக அந்த மனுவை எழுதிக்கொடுத்தவன் நான்தான். படித்துக் காட்டினேன். “இன்னாடா இது, கைவுடப்பட்டவளா? நான்தானே அவன வுட்டுட்டு வந்தேன்” என்றாள். வேறு பெயரில் பாரம் இல்லை அத்தை என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கைநாட்டு வைத்தாள்.