ஒன்பதாவது கம்பி

அமெரிக்காவில் ட்ராய் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஹோமர் பாடிய ஊர் இல்லை. மிச்சிகன் மாகாணத்தில், டெட்ராய்ட் நகரத்தை ஒட்டினாற்போல் இருக்கிற ஊர். அங்கே இருந்த ஏ.எம்.டி. என்ற கம்பெனி 1958ஆம் வருஷம் ஓர் அட்டைப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெட்டிக்குள் ஒரு கார். நிஜக் காரில் 25 அங்குலம் இருப்பது இதில் 1 அங்குலம். உடம்பு மட்டும் ஒரே வார்ப்பு. மற்ற பாகங்களெல்லாம் கிளையில் காய் தொங்குவது போல் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கிள்ளி எடுத்து, தேய்த்து, ஒட்டி, வர்ணம் பூசிக் காராக்கிக்கொள்வது வாங்கினவன் பாடு. அந்தப் பெட்டியின் விசேஷம் 'ஒன்றில் மூன்று' என்ற வாக்குறுதி. கம்பெனி விற்றபடியே அந்தக் காரைச் செய்யலாம். பந்தயக் காராகச் செய்யலாம். அல்லது 'கஸ்டம்' ஆக, அதாவது தன் மனசுப்படி மாற்றியும் செய்யலாம். மாற்றுவதற்கு வேண்டிய பாகங்களையும் கம்பெனியே உள்ளே போட்டிருந்தது.

இந்தக் கடைசி ஏற்பாடுதான் என்னை உறுத்துகிறது. தன் மனசுப்படி என்று சொல்லிவிட்டு, அந்த மனசுக்கு வேண்டியதையும் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்தால் அது யார் மனசு? ஊர் ஊராக எத்தனையோ பையன்கள் அதே விளக்கை அதே இடத்தில் ஒட்டி, 'என் கார்' என்று அலமாரியில் வைத்திருப்பார்கள். தொடர்கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இது புதிய நோய் இல்லை. தியாகம் செய்யும் அண்ணன், இருமும் கதாநாயகி, மழை பெய்யும் இரவு என்று எங்களுக்கும் ஒரு பெட்டி உண்டு. அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டே நல்ல கதை எழுதினவர்களும் இருக்கிறார்கள். ஆகவே பெட்டியைக் குறை சொல்லிவிட்டு எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை. பொம்மைக் கார் என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இரண்டு வருஷமாக என் மாலை நேரம் இதில் போகிறது. எது நல்ல மாதிரிக் கார், எது வெறும் பளபளப்பு என்று பிரித்துச் சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன்.

முதலில் ஹாட் ராட் என்றால் என்ன என்பது தெரிய வேண்டும். 1932ல் ஃபோர்டு கம்பெனி எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைச் சாதாரண ஜனங்கள் வாங்கக்கூடிய காரில் வைத்து விற்றது. 65 குதிரை சக்தி. சில வருஷங்களில் அந்தக் கார்கள் பழசாகி, தெற்குக் கலிபோர்னியாப் பையன்களின் கைக்குச் சல்லிசாக வந்து சேர்ந்தன. அவர்கள் செய்த முதல் வேலை கழற்றுவது. மட்கார்டைக் கழற்றினார்கள், பானெட்டைக் கழற்றினார்கள், முன்கண்ணாடியைக் கழற்றினார்கள். இரும்பு போகப் போகப் பாரம் குறையும். பாரம் குறைந்தால் வேகம் கூடும். மொஹாவி பாலைவனத்தில் மியூராக், எல் மிராஜ் என்று வறண்டு கிடக்கும் ஏரிகள் உண்டு. ஓடு மாதிரி இறுகிய தரை, கண்ணுக்கு எட்டின மட்டும் சமம். அங்கே கொண்டுபோய் நேர்கோட்டில் விரட்டி வேகத்தை அளந்துகொண்டார்கள். 1937ல் இதற்கென்று ஒரு சங்கமே ஏற்பட்டது. யுத்தம் முடிந்து திரும்பிய வாலிபர்கள் பட்டாளத்தில் கற்ற மெக்கானிக் வேலையை இதில் காட்டினார்கள். 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை வந்துவிட்டது. ஹாட் ராடின் அழகு கையில் காசில்லாதவன் கண்டுபிடித்த அழகு.

கஸ்டம் என்பது இதற்குத் தாயாதி. தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பதற்காகப் பிறந்தது அது. ஜார்ஜ் பாரிஸ், ஸாம் பாரிஸ் என்ற சகோதரர்களின் பட்டறை இதற்குப் பேர் போனது. பாப் ஹிரோஹாடா என்ற வாலிபருக்காக 1952ல் அந்தப் பட்டறை மாற்றிக் கொடுத்த 1951ஆம் வருஷத்து மெர்க்குரி காரைப் படத்தில் பார்த்தாலே போதும். கூரை தாழ்ந்து, கதவுக் கைப்பிடிகள் மறைந்து, மூட்டே இல்லாத பிராணி ஒன்று சோம்பலாகப் படுத்திருப்பது போல் இருக்கும். 2022ல் அது 20 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. டாம் வுல்ஃப் 1963ல் 'எஸ்குயர்' பத்திரிகையில் எழுதிய கட்டுரை இந்தப் பட்டறைக்காரர்களைக் கலைஞர்கள் என்றே கொண்டாடியது. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. மாதிரிக் கார் செய்கிறவர்களிடந்தான் ஆட்சேபம். அவர்களில் பலர் இந்த இரண்டு ஜாதியையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். ஏரியில் ஓட வேண்டிய காருக்கு நகை பூட்டுகிறார்கள். பவனி வருகிற காருக்குப் பந்தய நம்பர் எழுதுகிறார்கள். இந்தக் கார் யாருடையது, எதற்காக இருக்கிறது என்று ஒரு நிமிஷம் கேட்டிருந்தால் கை அப்படிப் போயிருக்காது.

வேலையின் கஷ்டத்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. கூரையைத் தாழ்த்துவது என்று ஒன்று இருக்கிறதே, அதை ஒரு முறை செய்து பார்த்தவர்கள் அப்புறம் இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று சொல்லமாட்டார்கள். நிஜக் காரில் கூரைத் தூண்களில் 3 அங்குலம் வெட்டி எடுத்தால், மாதிரியில் வெட்ட வேண்டியது 3 மில்லிமீட்டர். மெல்லிய ரம்பத்தால் இரண்டு பக்கமும் மயிரிழை பிசகாமல் அறுத்து, துண்டுகளை எடுத்துவிட்டுக் கூரையைக் கீழே இறக்கி வைத்தால், அது பொருந்தாது! முன்தூண் மேலே போகப் போகப் பின்னால் சாய்கிறது. பின்பக்கமோ மேலே போகப் போக முன்னால் வருகிறது. நடுவில் ஒரு துண்டு போய்விட்டால், மேலே இருப்பது கீழே இருப்பதைவிடக் குட்டையாகிவிடுகிறது. இப்போது இரண்டு வழி. தூண்களை இன்னும் சாய்த்துப் பொருத்தலாம். அல்லது கூரையையே குறுக்கே அறுத்து நடுவில் ஒரு பட்டை சேர்த்து நீளமாக்கலாம். முதல் வழியில் காருக்கு ஓடுகிற முகம் வரும். இரண்டாவது வழியில் பதுங்குகிற முகம் வரும். எந்த முகம் என்று பெட்டியில் எழுதியிருக்காது. அப்புறம் பட்டி வைத்து, காயவிட்டு, வாட்டர் பேப்பரால் தேய்த்து, மறுபடி பட்டி வைத்து, அறுத்த இடம் தெரியாமல் செய்ய வேண்டும். ஒரு வாரம் போய்விடும். இந்த இடத்தில்தான் பெட்டி விற்றவனின் மனசு முடிந்து வாங்கினவனின் மனசு ஆரம்பிக்கிறது.

வர்ணத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிஜக் காரில் பூச்சு எல்லாம் சேர்ந்து மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன் இருக்கும். அதை 25ஆல் வகுத்தால் மில்லிமீட்டரில் 250ல் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிசாக யாராலும் பூச முடியாது. அதனால்தான் மாதிரிக் கார்களில் கதவின் இடுக்குக் கோடு வர்ணத்தில் மூழ்கிப்போகிறது. தெரிந்தவர்கள் பூசுவதற்கு முன்பே அந்தக் கோட்டைக் கத்தி நுனியால் ஆழப்படுத்திக்கொள்வார்கள். மினுக்குத்தூள் விஷயம் இன்னும் மோசம். நிஜக் காருக்கான தூளையே இதிலும் தூவினால், ஒவ்வொரு துகளும் மிளகு மிளகாகத் தெரியும். 'காண்டி' என்று ஒரு மிட்டாய் வர்ணம் இருக்கிறது. அடியில் தங்க நிறமோ வெள்ளி நிறமோ பூசி, அதன் மேல் ஊடுருவித் தெரிகிற சிவப்பைப் பல தடவை பூசுவார்கள். ஒவ்வொரு தடவைக்கும் நிறம் ஆழமாகும். கை ஓர் இடத்தில் ஒரு கணம் தங்கினால் அங்கே ரத்தக்கட்டு மாதிரி இருண்டுவிடும். நன்றாக அமைந்துவிட்டால் கண்ணுக்கு விருந்துதான், மறுக்கவில்லை. இவ்வளவு கஷ்டப்பட்டுப் பூசியதை ஏரியில் புழுதி தின்னப் போகிற காரின் மேல் பூசியிருப்பதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

இனி எஞ்சின். நுணுக்க வேலையில் இதுதான் சிகரம் என்று இந்த உலகத்தில் எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். எட்டு சிலிண்டர் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குகளுக்கு டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து எட்டுக் கம்பிகள் போகும். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு கம்பி வரும். ஆக மொத்தம் ஒன்பது. நிஜத்தில் 7, 8 மில்லிமீட்டர் கனமுள்ள கம்பி, மாதிரியில் 0.3 மில்லிமீட்டர். ஊசி போன்ற துரப்பணத்தை விரல்களால் திருகி ஒன்பது துளை போட்டு, ஒவ்வொன்றையும் சின்ன இடுக்கியால் பிடித்துச் செருக வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்கிற வேலை. போட்டிகளில் பார்வையிடுகிறவர்கள் குனிந்து முதலில் பார்ப்பது இதைத்தான்.

என் தம்பி டெட்ராய்ட் பக்கத்தில் உத்தியோகத்தில் இருக்கிறான். அவன் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது ஒரு சனிக்கிழமை மாதிரிக் கார்க் கண்காட்சி ஒன்றுக்கு அழைத்துப் போனான். பள்ளிக்கூட ஹால் ஒன்றில் நீள மேஜைகள் போட்டு, நூற்றுக்கணக்கில் கார்கள். செய்தவர்கள் பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். 1932ஆம் வருஷத்து ஃபோர்டு மட்டும் பத்துப் பதினைந்து இருந்திருக்கும். அவற்றில் ஒன்றைச் சுற்றி நல்ல கூட்டம். ரத்தச் சிவப்பு, முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பு, எஞ்சினோ அந்தக் காருடன் பிறந்த பழைய எஞ்சினேதான். அதிலே மஞ்சள் நிறத்தில் ஒன்பது கம்பிகள். நானும் குனிந்து எண்ணினேன். அந்த எஞ்சினுக்கு ஒன்பதாவது கம்பி கிடையாது. 1932ல் வந்த எஞ்சினில் காயில் டிஸ்ட்ரிபியூட்டரின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும். நடுவில் கம்பிக்கு வேலை இல்லை. மற்ற எட்டும் இரண்டு பக்கமும் நாலு நாலாகப் பிரிந்து ஓர் உலோகக் குழாய்க்குள் நுழைந்து போகும். இந்தக் காரிலே ஒன்பது கம்பிகளும் பூங்கொத்து மாதிரி மேலே எழும்பி வளைந்து இறங்கின. தனியாக ஒரு காயில் வேறு சுவரில் ஒட்டியிருந்தது.

இது சின்ன விஷயம், இதைப் போய்ப் பெரிதுபடுத்துகிறானே என்று வாசகர்கள் நினைக்கலாம். எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. 1955ல் வந்த ஷெவர்லே எஞ்சினை அந்தக் காரில் தூக்கி வைத்திருந்தால் ஒன்பது கம்பிகளும் நியாயந்தான். எத்தனையோ பையன்கள் நிஜத்தில் அப்படித்தான் மாற்றினார்கள். அப்போது அந்தக் கம்பி, 'இவன் பழைய எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டான், கையில் கொஞ்சம் காசு வந்திருக்கிறது, காலம் 1955க்குப் பிறகு' என்று ஒரு கதை சொல்லும். நுணுக்கம் என்பது இப்படி ஏதாவது ஒன்றிலிருந்து புறப்பட்டு ஏதாவது ஒன்றில் போய்ச் சேர வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் ஒன்பது வைக்கிறார்கள், ஒன்பது வைத்தால் உழைப்புத் தெரியும் என்று வைத்த கம்பியில் மின்சாரம் ஓடாது. நாவல்களில் கதாநாயகியின் புடவைக் கரையை அரைப் பக்கம் வர்ணித்துவிட்டு, அவள் அதை எந்தப் பணத்தில் வாங்கினாள் என்று யோசிக்காமல் போகிறோமே, அந்த ரகம்.

எட் ராத் என்ற விசித்திர மனிதரின் கார்களைப் பற்றி எனக்குள்ள அபிப்பிராயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவருடைய 'பீட்னிக் பாண்டிட்' இன்று நெவாடாவில் ரீனோ நகரத்து மியூசியத்தில் இருக்கிறது. ஓல்ட்ஸ்மொபைல் சாஸியைக் குட்டையாக்கி, ஃபைபர் கண்ணாடியில் தாமே உடம்பு வார்த்து, தலைக்கு மேல் கண்ணாடிக் குமிழி ஒன்றைக் கவிழ்த்து, ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பதில் ஒரே ஒரு கோலை நட்டு வைத்தார். மேதையின் கிறுக்கு, அதில் சந்தேகமே இல்லை. ரெவல் கம்பெனி 1960களில் அதையும் பெட்டியில் போட்டு விற்றது. பெட்டிகளிலேயே இதுதான் ரொம்பச் சுதந்திரமானது மாதிரி தோன்றும். என் கணக்கில் இதுதான் ரொம்ப இறுக்கமானது. வேறொருவர் கண்ட கனவு அது. அதில் நான் என்ன மாற்றினாலும் அவர் கனவு கெடும்; மாற்றாவிட்டால் நான் அதில் இல்லை. சாதாரணக் குடும்பக் கார் ஒன்றைக் கொடுங்கள், நம் கைக்கு இடம் இருக்கும்.

சில போட்டிகளில் ஒரு பிரிவு உண்டு: பெட்டிக்குள் இருந்ததை மட்டும் வைத்துச் செய்ய வேண்டும், வெளியிலிருந்து ஒரு பாகமும் சேர்க்கக் கூடாது. வெட்கப்பட்டுக்கொண்டு அதில் கலந்துகொள்கிறவர்களே அதிகம். எனக்கு அந்த மேஜைதான் பிடித்தது. இப்போது கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் இயந்திரமே அடுக்கடுக்காக அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறது. அரிசி அளவு கார்புரேட்டரில் திருகாணி முதற்கொண்டு இருக்கிறது. எத்தனை நுணுக்கம் என்று எண்ணி மார்க்குப் போடுகிற வழக்கம் இனி எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை.

அந்த ஹாலில் சுவரோரமாக இன்னொரு 1932 ஃபோர்டு இருந்தது. அதைச் சுற்றிக் கூட்டம் இல்லை. கூரை இல்லாத ரோட்ஸ்டர். பிரைமர் மட்டும் பூசிய மங்கல் சாம்பல் நிறம். இடது கதவு மட்டும் கறுப்பு, வேறொரு காரிலிருந்து எடுத்து மாட்டியது போல. ஆசனம் யுத்த விமானத்திலிருந்து கழற்றியது. அந்தக் காலத்துப் பையன்கள் உபரிச் சரக்கில் அதைத்தான் மலிவாக வாங்கினார்கள். கதவில் கையால் எழுதிய வெள்ளை நம்பர். எஞ்சினில் எட்டுக் கம்பிகள், நாலு நாலாகக் குழாய்க்குள் போயின. முன்கண்ணாடி இருந்த இடத்தில் திருகாணித் துளைகள் மட்டும். கிராதிக்கு இரண்டு பக்கமும் விளக்கு மாட்டும் கொம்புகள் அப்படியே இருந்தன, விளக்குகளைக் காணோம். ஏரிக்கு வந்ததும் கழற்றியிருக்கிறான். பொழுது சாய்ந்தால் அதே காரை ஓட்டிக்கொண்டுதானே வீட்டுக்குப் போக வேண்டும்? எங்கே வைத்திருப்பான் என்று நான் அந்த மேஜையைச் சுற்றி வந்து, ஆசனத்துக்குப் பின்னால், தரையில் எல்லாம் தேடினேன். தம்பி, "நேரமாயிற்று, அண்ணா" என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டான்.