புகை விடும் ஸ்ப்ளெண்டருக்கு பிளாக் போடலாமா?

என்னுடையது 2008 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் பிளஸ். டிஎன் 16, திண்டிவனம் பதிவு. ஓடோமீட்டரில் கிலோமீட்டருக்கு ஐந்து இலக்கம்தான் இடம் என்பதால் ஒரு லட்சம் முடிந்ததும் பூஜ்யத்துக்குத் திரும்பி, இப்போது இரண்டாவது சுற்றிலும் பாதியைத் தாண்டிவிட்டது. 97.2 சிசி, நாலு கியர், ட்ரம் பிரேக். இதற்கு மேல் இந்த வண்டியைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பேச வேண்டியது புகையைப் பற்றி. போன மழைக்காலத்திலிருந்து சைலன்சரில் நீலப் புகை வர ஆரம்பித்தது.

புகையைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கணக்கைத்தான் சொன்னார்கள். "வித்தா பன்னெண்டாயிரம் தேறும். அதுக்கு ஏழாயிரம் எட்டாயிரம் செலவு பண்ணுவாங்களா?" ஒரு சர்வீஸ் சென்டரில் எக்ஸ்சேஞ்ச் போட்டுப் புது வண்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சைலன்சரைப் பார்த்ததோடு சரி, ஆயில் ஸ்டிக்கைக்கூட உருவிப் பார்க்கவில்லை.

இந்தக் கணக்கின் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. பன்னிரண்டாயிரம் என்பது என் வண்டியைத் தெரியாத ஒருவர், அதன் உள்ளே என்ன இருக்கிறதோ என்ற பயத்தையும் கழித்துக்கொண்டு தரும் விலை. எனக்கு அந்தப் பயம் இல்லை. எந்த வருடம் கிளட்ச் பிளேட் மாற்றினேன், எப்போது செயின் ஸ்ப்ராக்கெட் போட்டேன் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதே பன்னிரண்டாயிரத்துக்கு நான் வேறொரு பழைய வண்டி வாங்கினால் அந்தப் பயத்தைச் சேர்த்து வாங்குகிறேன். மீட்டர் கேபிள் அறுந்து வருடக்கணக்கில் ஓடிய வண்டிகள் இந்தப் பக்கம் எத்தனையோ. அவற்றின் ஓடோமீட்டர் காட்டுவதை யார் நம்புவது? ரிப்பேர் செலவை வண்டியின் விற்பனை விலையோடு வைத்துப் பார்ப்பது தவறு. இந்த வண்டி செய்யும் வேலையை வேறொரு வண்டி செய்ய எவ்வளவு ஆகும் என்பதோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் புகை எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் குபுக்கென்று ஒரு முறை வந்து அடங்கிவிட்டால் பெரும்பாலும் அது வால்வு சீல். ராத்திரி முழுக்க ஹெட்டில் நின்ற ஆயில் சீலைத் தாண்டிக் கசிந்து, முதல் வெடிப்பில் எரிகிறது. சீல் விலை அற்பம், கூலிதான் செலவு. ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து, ஆயில் கீழிருந்து மேலே ஏறுகிறது என்று அர்த்தம். எங்கள் பக்கம் தரை பெரும்பாலும் சமம் என்பதால் சமதரையில் ஓட்டிப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. கடற்கரைச் சாலையிலிருந்து குயிலாப்பாளையத்துக்கு ஏறும் மேட்டில் பின்னால் ஆளை உட்கார வைத்து மூன்றாவது கியரில் முறுக்க வேண்டும். என் வண்டி அங்கே பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப்போகும் அளவுக்குப் புகைத்தது. ரிங்தான்.

ரிங் தேய்ந்ததற்கு வயதை மட்டும் குறை சொல்ல முடியாது. திருவக்கரைக்குக் கல்லாகிப்போன மரங்களைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறார்கள். எங்களுக்கோ அந்தப் பக்கம் என்றாலே கல்குவாரியும் ஜல்லி லாரியும் கிளப்பும் தூசிதான். மழை இல்லாத மாதங்களில் செம்மண்ணும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஏர் ஃபில்டர் அடைத்தாலோ, ஓரத்தில் சரியாக உட்காராமல் இருந்தாலோ அந்தப் பொடி காற்றோடு உள்ளே போய் உப்புத்தாள் போல சிலிண்டர் சுவரைத் தேய்க்கிறது. கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் தார்ச்சாலைக்காரர்களுக்கு. வானூர், கிளியனூர், திருவக்கரை என்று சுற்றுகிறவர்கள் அதில் பாதியிலேயே ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

புகை வந்ததும் வண்டி செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். புகை வண்டியைக் கொல்லாது, ஆயில் வற்றுவதுதான் கொல்லும். இந்த எஞ்சினில் ஆயில் மாற்றும்போது ஊற்றுவதே ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் கால் பங்கு எரிந்துபோனால் மேலே ஹெட்டில் சுற்றும் கேம் ஷாஃப்ட்டுக்கு முதலில் பஞ்சம் வரும். அங்கே கீறல் விழுந்துவிட்டால் ரிங்கோடு முடிய வேண்டிய செலவில் ஹெட்டும் சேர்ந்துகொள்ளும். ஆகவே பிளாக் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கும் நாட்களில் வாரம் ஒரு தடவை ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். சைடு பாக்ஸில் ஒரு சின்ன டப்பா ஆயில் இருந்தால் முடிவெடுக்க வேண்டிய அவசரம் போய்விடும்.

வண்டியைத் திருச்சிற்றம்பலம் கூட்ரோட்டில் பிரித்தோம். ஸ்ப்ளெண்டர் எஞ்சின் கிட்டத்தட்டப் படுத்த வாக்கில் இருக்கும். 1958-இல் வந்த ஹோண்டா சூப்பர் கப் வழியில் வந்த அமைப்பு அது. அதனால் ஹெட்டையும் பிளாக்கையும் எஞ்சினை இறக்காமலே முன்பக்கமாக உருவிவிடலாம். கூலி குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிளாக்கை உருவியதும் மெக்கானிக் தம்பி பிஸ்டனைப் பார்க்கவே இல்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த கனெக்டிங் ராடைத் துணியால் துடைத்து, இரண்டு விரலில் பிடித்து இழுத்தான், தள்ளினான். "சைடுல ஆடலாம்ணா. இழுத்துத் தள்ளும்போது டக்குன்னு ஒரு ஆட்டம் இருந்துச்சுன்னா கிராங்க் போச்சு. அப்புறம் பிளாக் போட்டும் பிரயோஜனமில்ல." ஆட்டம் இல்லை. என்னையும் பிடித்துப் பார்க்கச் சொன்னான். பக்கவாட்டில் லேசாக நகர்ந்தது. நீளவாக்கில் கல்லில் பதித்த கம்பி மாதிரி அசையாமல் நின்றது.

வண்டியின் விதி அந்த இரண்டு விரலில்தான் இருந்தது என்று சொல்வேன். ராடு ஆடியிருந்தால் எஞ்சினை இறக்கி, கேஸைப் பிளந்து, கிராங்க், பேரிங் என்று போய்க் கூலியோடு செலவு இரண்டு மடங்காகியிருக்கும். வலது பக்கக் கவரையும் திறந்தோம். அங்கே ஆயிலைச் சுழற்றிக் கசடை ஒதுக்கும் கிண்ணம் இருக்கிறது. அதில் படிந்திருந்ததைச் சுரண்டி வெயிலில் வைத்துப் பார்த்தால் மின்னும் பொடி இருக்கிறதா என்று தெரியும். என் வண்டியில் வந்தது கறுத்த மை மட்டும். பிளாக்கின் உள்விளிம்பை நகத்தால் தடவினால் ரிங் ஏறி இறங்கித் திரும்பும் இடத்தில் ஒரு படி தட்டியது. அந்தப் படியின் உயரம்தான் இத்தனை வருடத் தேய்மானம்.

பிளாக்கை லேத்தில் போர் அடித்து, 50 மில்லிமீட்டர் துளையைக் கால் மில்லிமீட்டர் பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். அல்லது பிளாக், பிஸ்டன், ரிங் எல்லாம் சேர்ந்த புது கிட் வாங்கலாம். நல்ல லேத்துக்காரர் கிடைத்தால் போர் அடிப்பதில் குற்றமில்லை. கிட் வாங்குவதானால் கம்பெனி கிட் மட்டும் வாங்குங்கள். பாதி விலைக்கு வரும் டூப்ளிகேட் கிட் போட்ட வண்டி ஒன்று, எங்கள் தெருவிலேயே ஒரு வருடம் தாங்காமல் மறுபடி புகைந்தது. நான் கம்பெனி கிட், வால்வு சீல், டைமிங் செயின் மூன்றும் போட்டேன். கேஸ்கெட், ஆயில், கூலி சேர்த்து ஏழாயிரத்துக்குள் முடிந்தது.

இந்த வண்டியின் மேல் எனக்கிருக்கும் விசுவாசத்துக்குக் காரணம் இதுதான். ஸ்ப்ளெண்டர் 1994-இல் வந்த மாடல். 2010 டிசம்பரில் ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக அறிவித்து, அடுத்த வருடம் கம்பெனியின் பெயரே மாறிவிட்டது. ஆனாலும் டேங்கில் ஹீரோ ஹோண்டா என்று எழுதியிருக்கும் என் வண்டிக்கு இன்றைக்கும் கூட்ரோட்டுக் கடையில் கேட்டவுடன் சாமான் எடுத்துத் தருகிறார்கள். எந்த மெக்கானிக்கும் புத்தகம் பார்ப்பதில்லை. பழைய வண்டியை வைத்திருப்பதா என்ற கேள்விக்குப் பாதி பதில் அந்தக் கடை அலமாரியில் இருக்கிறது. சாமானுக்குச் சென்னை வரை போன் போட வேண்டிய வண்டியாக இருந்தால் இதே புகைக்கு நான் வேறு முடிவு எடுத்திருப்பேன்.

வேலை முடிந்து முதல் உதையிலேயே வித்தியாசம் தெரிந்தது. முன்பு கிக்கர் தடுப்பே இல்லாமல் கீழே போகும். இப்போது காலைத் தாங்கி நிற்கிறது, ஒரு அழுத்து அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கிறது. கம்ப்ரஷன் வந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆரம்பத்தில் ஐம்பதுக்கு மேல் ஓட்டாமல், முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினேன். அதே குயிலாப்பாளையம் மேட்டில் இப்போது புகை இல்லை.

எஞ்சின் எப்படியும் திரும்பி வரும். திரும்பி வராதது சேஸ். உப்புக்காற்றுப் படும் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் வண்டிகள் மயிலம் பக்கத்து வண்டிகளைவிட முன்னாலேயே துருப்பிடிக்கும். பேட்டரிப் பெட்டிக்குக் கீழே, ஸ்விங் ஆர்ம் மாட்டியிருக்கும் இடத்தில், சென்டர் ஸ்டாண்ட் ஒட்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் சரி. பொக்கென்று கேட்டாலோ, முனை உள்ளே இறங்கினாலோ எஞ்சினுக்கு ஒரு ரூபாய் செலவழிக்காதீர்கள். சேஸில் வெல்டிங் வைத்து ஓட்டும் வண்டியில் நான் குழந்தையை ஏற்ற மாட்டேன். அது காயலாங்கடைக்குப் போக வேண்டியது.

பதினைந்து வருடம் ஆனால் வண்டியை ஓட்டக் கூடாது என்று ஊரில் பாதிப் பேர் நம்புகிறார்கள். அது டெல்லிக்குப் போட்ட தடை. நம் ஊரில் சொந்த வண்டியின் ஆர்.சி. பதினைந்து வருடம் செல்லும், பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலிலிருந்து டூவீலருக்கு அதற்கான கட்டணம் 1,000 ரூபாய். இருபது வருடம் தாண்டிய டூவீலருக்கு 2025-இல் 2,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. 2023-இல் நான் புதுப்பிக்கப் போனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் பார்த்தது ஹேண்டில்பார் கழுத்தில் அடித்திருக்கும் சேஸ் நம்பரைத்தான். துரு ஏறி அந்த எழுத்து மங்கினால் வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் தொல்லை. அதில் கொஞ்சம் எண்ணெய் தடவி வைக்க இன்றே ஒரு நிமிடம் ஒதுக்குங்கள்.

எத்தனை ரிப்பேர் செய்தாலும் தீராத குறை ஒன்று உண்டு. அது ஹெட்லைட். என் வண்டியில் விளக்குக்கு பேட்டரியிலிருந்து கரண்ட் போவதில்லை, எஞ்சின் சுற்றும் வேகத்தில்தான் எரிகிறது. வேகத்தைக் குறைத்தால் வெளிச்சமும் குறையும். எதிரே லாரி வருகிறது, பள்ளம் இருக்கிறது என்று ஆக்சிலேட்டரை விட்டதும் வெளிச்சம் மஞ்சளாகச் சுருங்கிவிடும். வெளிச்சம் அதிகம் தேவைப்படும் அந்த நொடியில்தான் இல்லாமல் போகிறது. இத்தனை வருடம் ஓட்டியும் எனக்கு இது பழகவில்லை. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையிலான புது வண்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட, இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பும் இதில் இல்லை. ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் திண்டிவனம்-புதுச்சேரி நாற்கரச் சாலையில் தினமும் வருகிறவர் என்னிடம் யோசனை கேட்டால், ராடு ஆடாவிட்டாலும் வண்டியை மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன்.

பெட்ரோலும் இப்போது பழைய வண்டிக்காரன் பக்கம் இல்லை. புதுச்சேரி பங்கில் லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் என்று எல்லையைத் தாண்டிப் போய் நிரப்புகிறோம். அங்கே வருவதும் இருபது சதவீதம் எத்தனால் கலந்ததுதான். பழைய டூவீலர்களில் இதனால் மைலேஜ் மூன்று நான்கு சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் அரை டேங்கோடு வாரக்கணக்கில் நிறுத்திய பழைய வண்டியில் தண்ணீர் அடியில் தங்கித் துரு பிடிக்க வாய்ப்பு அதிகம். 2008 வண்டியின் கார்ப்ரேட்டர் ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. கலப்பு குறைந்த பெட்ரோலையும் சாதாரண விலைக்குப் பங்கில் வைத்திருக்க வேண்டும். கோடிக்கணக்கான பழைய வண்டிகள் ஓடும் நாட்டில் அது நியாயமான கோரிக்கை.

இனி புது வண்டிக் கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. குறைந்த பிறகும் புது ஸ்ப்ளெண்டர் ரோட்டுக்கு வரத் தொண்ணூறாயிரத்தை ஒட்டி ஆகும். தவணையில் எடுத்தால் மூன்று வருடத்துக்கு மாதம் சுமார் மூவாயிரம். என் ஏழாயிரம் அதில் இரண்டரை மாதத் தவணை. மூன்றாவது மாதத்திலிருந்து ஓடும் ஒவ்வொரு மாதமும் கையில் மிச்சம். டயர், செயின், கிளட்ச் எல்லாம் புது வண்டிக்கும் தேயும். பெட்ரோல் குடிப்பதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பெட்ரோல் வண்டியைக் கொடுத்துப் பெட்ரோல் வண்டி வாங்குவதில் எனக்கு ஆர்வமும் இல்லை. மாற்றும் நாள் வந்தால் மின்சார வண்டிக்குத்தான் போவேன். அதன் பேட்டரியையும் கன்ட்ரோலரையும் பிரித்து வேலை பார்க்கும் கை கூட்ரோட்டில் இன்னும் பரவலாகவில்லை. இன்னும் இரண்டு வருடத்தில் வந்துவிடும்.

என் ஆர்.சி. 2028 வரை செல்லும். அடுத்த வேலை கோன் செட், ஹேண்டில் நேராக நிற்கும் இடத்தில் லேசாகப் பிடிக்கிறது. அதோடு பேட்டரிப் பெட்டியைக் கழற்றி அடியில் இருக்கும் துருவைச் சுரண்டி ரெட் ஆக்ஸைடு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். சுரண்டும்போது இரும்பு ஓட்டை விழுந்தால் புது பிளாக்கைப் பார்த்துப் பரிதாபப்பட மாட்டேன், வண்டியைக் கொடுத்துவிடுவேன். விழாவிட்டால் அடுத்த ஐந்து வருடத்துக்கு 2,000 ரூபாய் கட்டுவேன்.