கணிப்பும் களமும்: வலுவூட்டிய கட்டுவேலையாலான தாழ்நிலைக் கட்டடங்களின் நிலநடுக்கச் சரிவு மதிப்பீடு – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஒரு தளம் முதல் நான்கு தளங்கள் வரை கொண்ட வலுவூட்டிய கட்டுவேலைக் கட்டடங்கள் கடும் நிலநடுக்கத்தில் சரியும் என்று கணினி மாதிரிகள் காட்டும் அளவிற்குக் களத்தில் அவை சரிந்ததில்லை. 'குறு அலைவுநேர முரண்' எனப்படும் இச்சிக்கலுக்கு அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டு வெளியான ஃபீமா பி-2139 அறிக்கை விடை கண்டுள்ளது. மாதிரிகள் விட்டுவிட்ட வலிமையைச் சேர்த்தால் கணிப்பு களத்தை நெருங்கும் என்பதே அவ்விடை. கட்டடத்தைக் காக்கும் அவ்வலிமையில் எவ்வளவு விதிநூலால் உறுதிசெய்யப்பட்டது, எவ்வளவு தற்செயலாக அமைந்தது என்ற வேறுபாடு தெளிவாக்கப்படாத வரை அவ்விடை முழுமை பெறாது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வலுவூட்டிய கட்டுவேலை, நிலநடுக்கச் சரிவு, குறு அலைவுநேரம், மிகைவலிமை, வெட்டுவிசைச் சுவர், விதிநூல்.

முன்னுரை

1933 மார்ச் 10ஆம் நாள் மாலை 6 மணிக்குச் சற்று முன்னர், கலிபோர்னியாவின் லாங் பீச் பகுதியில் 6.4 அளவுள்ள நிலநடுக்கம் நேர்ந்தது. கம்பியற்ற செங்கல் சுவர்களாலான பள்ளிக் கட்டடங்கள் பல இடிந்து வீழ்ந்தன. பள்ளி நேரம் முடிந்திருந்தமையால் மாணவர்கள் தப்பினர். ஒரு மாத காலத்திற்குள் பள்ளிக் கட்டடங்களுக்கான ஃபீல்ட் சட்டம் இயற்றப்பட்டது. கம்பியற்ற கட்டுவேலை அம்மாநிலத்தில் வழக்கொழிந்து, கம்பியிட்ட கட்டுவேலை அதன் இடத்தைப் பிடித்தது. கடைகள், கிடங்குகள், பள்ளிகள், அலுவலகங்கள் எனத் தாழ்ந்த கட்டடங்கள் பலவற்றிற்கு இதுவே முறையாயிற்று.

இவ்வகைக் கட்டடம் எவ்வளவு பாதுகாப்பானது என்ற வினாவிற்குக் களமும் கணினியும் நெடுங்காலம் வெவ்வேறு விடை அளித்து வந்துள்ளன. இரண்டில் எதைத் திருத்துவது என்பது கணக்கு நுட்பம் மட்டும் சார்ந்த செய்தியன்று. இனி எழும் கட்டடங்களை எவ்வளவு விசைக்கு வடிவமைப்பது என்பதை அம்முடிவே தீர்மானிக்கிறது.

சுவரும் விதியும்

ஹாலோ பிளாக் எனப்படும் உள்ளீடற்ற கான்கிரீட் கட்டிகளை அடுக்கி, அவற்றின் துளைகளில் செங்குத்தாகவும் வரிசைகளினூடே கிடையாகவும் கம்பிகளை வைத்து, கிரவுட் எனும் இளகிய கான்கிரீட்டால் நிரப்புவது இக்கட்டுவேலையின் அடிப்படை. அமெரிக்கக் கட்டுவேலை விதிநூலான டிஎம்எஸ் 402, கடும் நிலநடுக்கப் பகுதிகளுக்குரிய 'சிறப்பு' வெட்டுவிசைச் சுவர்களில் இரு திசைக் கம்பிகளின் விகிதங்களைக் கூட்டினால் குறைந்தது 0.002 இருக்க வேண்டும் என்றும், எத்திசையிலும் 0.0007க்குக் குறையலாகாது என்றும் வரையறுக்கிறது.

வடிவமைப்பு விசையைப் பொறுத்தவரை, ஏஎஸ்சிஇ 7 விதிநூல் சுமைதாங்கும் சிறப்புச் சுவர்களுக்கு 5 என்ற குறைப்புக் காரணியை அளிக்கிறது. கட்டடம் சிதையாமல் முழு மீள்தன்மையோடு நிற்க வேண்டுமாயின் தாங்க வேண்டிய விசையில் ஐந்தில் ஒரு பங்கிற்கு அதனை வடிவமைத்தால் போதும் என்பது இதன் பொருள். எஞ்சிய பங்கைச் சுவரின் வளைந்துகொடுக்கும் திறனும், கணக்கில் காட்டப்படாத மிகைவலிமையும் ஈடுசெய்யும் என்பது எதிர்பார்ப்பு.

முரண் எழும் இடம்

விதிநூலின் தோராய வாய்பாட்டின்படி 4 மீட்டர் உயரமுள்ள ஒருதளக் கட்டடத்தின் அலைவுநேரம் ஏறத்தாழ 0.14 நொடி; 14 மீட்டர் உயரமுள்ள நான்குதளக் கட்டடத்திற்கு அது 0.35 நொடி. நெடிய அலைவுநேரம் கொண்ட கட்டடத்தில், சிதைந்த பின் ஏற்படும் பெயர்ச்சியும் சிதையாதிருந்தால் ஏற்படும் பெயர்ச்சியும் ஏறக்குறைய ஒன்றாகவே அமையும். ஆகவே குறைப்பு 5 எனில் தேவைப்படும் வளைந்துகொடுக்கும் விகிதமும் 5. குறு அலைவுநேரத்தில் இவ்விதி பொருந்தாது. நியூமார்க், ஹால் ஆகியோர் முன்வைத்த சம ஆற்றல் விதிப்படி, குறைப்புக் காரணியின் வர்க்கம், வளைந்துகொடுக்கும் விகிதத்தின் இருமடங்கில் ஒன்றைக் கழித்ததற்குச் சமம். குறைப்பு 5 எனில் விகிதம் 13 ஆகிறது. கட்டுவேலைச் சுவரிடம் இதனை எதிர்பார்க்க இயலாது.

இக்கணக்கில் மிகைவலிமையைச் சேர்த்தால் நிலை மாறுகிறது. கட்டடத்தின் மெய்யான வலிமை வடிவமைப்பு விசையைப்போல் 2.5 மடங்கு எனில், உண்மையான குறைப்பு 2; தேவைப்படும் விகிதம் 2.5 மட்டுமே. மிகைவலிமை 1.5 மடங்கு எனில் குறைப்பு 3.33 ஆகவும் விகிதம் ஏறத்தாழ 6 ஆகவும் உயர்கின்றன. குறு அலைவுநேரக் கட்டடம் நிற்பதும் சரிவதும் பெரிதும் மிகைவலிமையைப் பொறுத்தது என்பதை இவ்வெளிய கணக்கே காட்டிவிடுகிறது.

2009ஆம் ஆண்டு வெளியான ஃபீமா பி-695 வழிமுறை இவ்வினாவை முறைப்படுத்தியது. 22 நில அதிர்வுப் பதிவு இணைகளைப் படிப்படியாகப் பெருக்கி, அவற்றுள் பாதி கட்டடத்தைச் சரிக்கும் அளவைக் கண்டு, விதிநூல் கருதும் உச்ச நிலநடுக்கத்தின் அளவோடு அதனை ஒப்பிடுவது இம்முறை. உச்ச நிலநடுக்கத்தில் சரிவின் நிகழ்தகவு ஒரு குழுவின் சராசரியில் 10 விழுக்காட்டையும், தனி மாதிரி ஒன்றில் 20 விழுக்காட்டையும் தாண்டலாகாது. 2010ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்திற்காக நிகழ்ந்த மதிப்பீட்டில், வலுவூட்டிய கட்டுவேலையின் குறு அலைவுநேர மாதிரிகள் இவ்வரம்பை நிறைவுசெய்ய இடர்ப்பட்டன. களத்திலோ இவ்வகைக் கட்டடங்கள் அவ்விகிதத்தில் சரிந்ததாகச் சான்றில்லை. முரண் என்று பெயர்பெற்றது இதுவே.

2020ஆம் ஆண்டு அறிக்கையின் விடை

மரச்சட்டகம், வலுவூட்டிய கட்டுவேலை, எஃகுச் சட்டகம் ஆகிய மூவகைத் தாழ்ந்த கட்டடங்களையும் தனித்தனித் தொகுதிகளில் ஆராய்ந்த ஃபீமா பி-2139, பிழை மாதிரிகளின் பக்கமே உள்ளது என்று கண்டது. உச்ச வலிமையையும், அதனைக் கடந்த பின் கட்டடம் தாங்கும் பெயர்ச்சியையும் மெய்ம்மைக்கு நெருக்கமாக மாதிரியாக்கினால் சரிவின் நிகழ்தகவு குறைகிறது. மண்ணுக்கும் கட்டடத்திற்கும் இடையிலான ஊடாட்டம் பொதுவாக அத்துணை செல்வாக்குப் பெறவில்லை.

இம்முடிவிற்குச் சோதனைச் சான்றுகளும் துணை நிற்கின்றன. சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அதிர்வுமேடையில் முழு அளவிலான கட்டுவேலைக் கட்டமைப்புகள் சோதிக்கப்பட்டுள்ளன. வெட்டுவிசையால் மூலைவிட்டமாகப் பிளந்து பக்கவலிமையை இழந்த சுவரின் சுமையை, அதற்குச் செங்குத்தாக நிற்கும் சுவர்கள் ஏற்றுக்கொண்டு கூரையைத் தாங்கி நின்றதை இவ்வகைச் சோதனைகள் வெளிப்படுத்தின. ஒரு சுவர் வலிமை இழப்பதையே கட்டடத்தின் சரிவாகக் கொள்ளும் மாதிரி, இந்நடத்தையைக் காண இயலாது. இந்த அளவில் அறிக்கையின் திருத்தம் தேவையானது, ஏற்கத்தக்கது.

தற்செயல் வலிமையும் உறுதிசெய்த வலிமையும்

எனினும் இத்திருத்தம் மூன்று வினாக்களை எழுப்புகிறது. முதலாவது, துணைநின்ற செங்குத்துச் சுவர் எல்லாக் கட்டடங்களிலும் உள்ளதா என்பது. இரு திசைகளிலும் பக்கவிசையைத் தாங்கும் உறுப்புகள் வேண்டும் என விதிநூல் கோருகிறது. ஆனால் வடிவமைப்பாளர் விரும்பினால் சந்திப்புகளில் அசைவு இடைவெளி விட்டுச் சுவர்களைப் பிரித்துவிடலாம். முகப்பு முழுவதும் கண்ணாடியாக உள்ள கடைவரிசையில், வேண்டிய இடத்தில் அத்தகைய சுவரே இராது. சோதனையில் கூரையைக் காத்த உறுப்பு விதியின்படி கட்டாயமானதன்று.

இரண்டாவது, தற்செயலாகச் சேரும் வலிமை எப்போதும் நன்மையே செய்யுமா என்பது. வெட்டுவிசையால் திடீரென உடைவதைத் தவிர்க்க, சிறப்புச் சுவரின் வெட்டுவலிமை அதன் வளைவு வலிமைக்கு ஒத்த வெட்டுவிசையைப்போல் 1.25 மடங்கு இருக்க வேண்டும் என்கிறது விதிநூல். கணக்கிட்ட வெட்டுவிசையின் 2.5 மடங்கிற்கு மேல் அது தேவையில்லை என்றும் விலக்களிக்கிறது. இணைந்துள்ள செங்குத்துச் சுவரின் கம்பிகளும், சுவர்களைப் பிணைக்கும் தளப்பலகையும் வளைவு வலிமையைக் கணக்கில் காட்டியதைவிட உயர்த்துகின்றன. அப்போது 1.25 என்ற இடைவெளி கரைந்துபோகிறது. வளைந்துகொடுத்திருக்க வேண்டிய சுவர் வெட்டுப்பட்டு உடைகிறது. மிகைவலிமை ஒரு பக்கம் சரிவைத் தள்ளிப்போட, மறுபக்கம் உடைவின் வகையையே மாற்றுகிறது. இரு விளைவுகளுள் எது மேலோங்கும் என்பது கட்டடத்தின் தள அமைப்பைப் பொறுத்தது. சராசரி மாதிரிகள் சில இதற்கு விடை கூற இயலாது.

மூன்றாவது, எண்ணைப் பற்றியது. இவ்வகைச் சுவர்களுக்கு ஏஎஸ்சிஇ 7 தரும் மிகைவலிமைக் காரணியும் 2.5 ஆகவே உள்ளது. உடைந்தால் பேரிழப்பு விளையக்கூடிய உறுப்புகளை மிகுந்த விசைக்கு வடிவமைப்பதற்காக அமைந்த மேல்மதிப்பீடு அது. கட்டடம் குறைந்தது அவ்வளவு வலிமையோடு இருக்கும் என்ற உறுதிமொழியன்று. மேலே கண்ட கணக்கில் 2.5க்குப் பதில் 1.5 எனக் கொண்டபோது தேவை இருமடங்கிற்கு மேல் உயர்ந்தமை நினைக்கத்தக்கது. துளைகளில் கிரவுட் முழுமையாக இறங்காத சுவரும், கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று போதிய நீளம் படியாத சுவரும் பார்வைக்கு நல்ல சுவர் போலவே இருக்கும்.

களச்சான்றின் எடை

மாதிரியைத் திருத்தத் தூண்டிய களச்சான்றும் மறுமதிப்பீட்டிற்குரியது. உச்ச நிலநடுக்கத்தில் சரிவின் நிகழ்தகவு 10 விழுக்காட்டிற்குக் குறைவு என்று 95 விழுக்காட்டு நம்பிக்கையோடு கூற, உச்ச அளவு அதிர்வையே எதிர்கொண்ட 29 கட்டடங்களேனும் ஒன்றும் சரியாமல் நின்றிருக்க வேண்டும். 2 விழுக்காட்டிற்குக் குறைவு என்று கூற 149 கட்டடங்கள் தேவை. அவை ஒன்றையொன்று சாராதனவாகவும் இருத்தல் வேண்டும். ஒரே தெருவில், ஒரே ஒப்பந்தக்காரர் கட்டிய பத்துக் கட்டடங்கள் பத்துச் சான்றுகள் ஆகா. வடிவமைப்பு அளவினும் குறைந்த அதிர்வைத் தாங்கிய கட்டடங்களை இவ்வெண்ணிக்கையில் சேர்ப்பதும் பொருந்தாது.

உயிரிழப்பின் இன்மையும் நம்பத்தக்க அளவுகோலன்று. 1994 ஜனவரி 17ஆம் நாள் நார்த்ரிட்ஜில் நேர்ந்த 6.7 அளவு நிலநடுக்கத்தில், முன்வார்ப்புக் கான்கிரீட் சுவர்களும் வலுவூட்டிய கட்டுவேலைச் சுவர்களும் கொண்ட கட்டடங்கள் சிலவற்றில் சுவரை மரக்கூரையோடு பிணைத்த நங்கூரங்கள் பிடுங்கப்பட்டுக் கூரைப்பகுதிகள் வீழ்ந்தன. நேரம் அதிகாலை 4.31, கடைகளும் கிடங்குகளும் ஆளின்றிக் கிடந்தன. லாங் பீச்சில் மாலை நேரம் மாணவர்களைக் காத்தது போல இங்கு அதிகாலை தொழிலாளரைக் காத்தது. கட்டடத்தின் கணக்கில் இதனை வரவு வைக்க இயலாது.

அந்நிகழ்வு மற்றொன்றையும் உணர்த்துகிறது. சுவர் தன் தளத்தினுள் பக்கவாட்டில் சாய்ந்து சரிவதையே முரண் குறித்த விவாதம் பெரிதும் பேசுகிறது. களத்தில் கண்ட பகுதிச் சரிவோ சுவர் கூரையிலிருந்து விலகி வெளிநோக்கி வீழ்ந்ததால் நேர்ந்தது. விறைத்த சுவரும் நெகிழும் கூரையும் கொண்ட கட்டடங்களுக்கெனத் தனி வடிவமைப்பு முறையை ஃபீமா பி-1026 ஆவணம் 2015இல் முன்வைத்தது. ஒரே வகைக் கட்டடம் இரு ஆவணங்களில் இரு முறையில் பேசப்படும்போது, 'இவ்வகைக் கட்டடம் பாதுகாப்பானது' என்ற பொதுக்கூற்று எந்தச் சரிவு வகையைக் குறிக்கிறது என்று வாசகர் கேட்டே ஆக வேண்டும்.

முடிவுரை

குறு அலைவுநேர முரணை மாதிரியின் குறை என விளக்கியதில் ஃபீமா பி-2139 முக்கியமான பணியைச் செய்துள்ளது. சுவர் உடைவதும் கட்டடம் சரிவதும் ஒன்றல்ல என்று அது நிலைநாட்டியது. ஆயினும், களத்தில் நின்ற கட்டடங்கள் விதிநூல் கேட்டதைவிட மிகுதியாகப் பெற்றிருந்தமையால் நின்றன என்பது மெய்யானால், விதிநூலின் எண்கள் போதுமானவை என்பதற்கு அக்கட்டடங்கள் சான்றாகா.

ஆகவே இனிவரும் மதிப்பீடுகள் மிகைவலிமையை இரு பிரிவாகக் காட்டுதல் தகும்: விதிநூல் கட்டாயமாக்கியது ஒன்று, தள அமைப்பாலும் கட்டுவோர் வழக்கத்தாலும் சேர்ந்தது மற்றொன்று. முதற்பிரிவை மட்டும் கொண்டு கணித்த சரிவு நிகழ்தகவும் முழு மதிப்போடு அருகருகே தரப்படுதல் வேண்டும். இரண்டிற்கும் இடையிலான வேறுபாடு பெரிதாயின், காக்கும் உறுப்பை விதியாக்குவது அல்லது குறைப்புக் காரணியைக் குறைப்பது என இரண்டிலொன்றைத் தேர்ந்தாக வேண்டும். வடிவமைப்புக் கருவிகள் கூர்மை பெறப்பெற, தேவைக்கு மேற்பட்ட சுவரும் கம்பியும் சிக்கனம் கருதி நீக்கப்படும். பழைய கட்டடங்களைக் காத்த மிகுதி புதிய கட்டடங்களில் இராது. அந்நிலையில் முன்னைய மாதிரிகளின் கடுமையான கணிப்பு மெய்யாகிவிடக்கூடும்.