ஈக்காட்டுக் கடிதங்கள் எங்கே இருக்கின்றன?

திருத்தணியில் சென்னை மின்சார ரயில் ஏறி, திருவள்ளூரில் இறங்கினால் ஈக்காடு பக்கம்தான். 1890களில் அங்கே பணியாற்றிய வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனரி வில்லியம் கௌடி தம் தலைமையகத்துக்கு எழுதிய கடிதங்களின் மூலத்தைப் படிக்க வேண்டுமென்றால் லண்டனுக்குத்தான் போக வேண்டும். மிஷனரி சங்கத்தின் ஆவணங்கள் 1970களில் அங்குள்ள கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுக் கல்லூரியான ஸோவாஸின் நூலகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. இதைக் கொள்ளை என்போர் உண்டு. எனக்கு அந்தக் கோபமில்லை. லண்டனுக்கு எழுதிய கடிதம் லண்டனில் இருக்கிறது, அவ்வளவுதான். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த நாம், தூரத்தில் ஒரு பிரதி இருப்பதை அலட்சியமாகப் பேச முடியாது.

எழுதி வைப்பது மெதடிஸ்டுகளின் பிறவிக் குணம். மெதடிசத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஆயுள் முழுக்க நாட்குறிப்பு எழுதியவர். அவருடைய அம்மா சூசன்னா 1712 பிப்ரவரியில் கணவருக்கு எழுதிய ஒரு கடிதம் நமக்கு இன்னும் நெருக்கமானது. தரங்கம்பாடி மிஷனரிகளைப் பற்றிய புத்தகம் தன்னை உலுக்கிவிட்டதாகவும், அதன்பின் தினம் ஒரு பிள்ளையோடு மாலையில் தனியே பேசத் தொடங்கியதாகவும் சொல்கிறாள். வியாழக்கிழமை ஜானின் முறை. மெதடிசத்தின் தொட்டிலருகே சோழமண்டலக் கரை வந்துபோனது இந்தக் கடிதத்தால்தான் தெரிகிறது.

வெஸ்லியன் மிஷனரிகள் 1814இல் இலங்கையில் இறங்கினார்கள்; ஜேம்ஸ் லிஞ்ச் 1817இல் சென்னைக்கு வந்தார். நாட்குறிப்பு எழுதி அதன் பகுதிகளைத் தாயகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. அதன் பலனைக் கௌடியிடம் பார்க்கலாம். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் பறையர்களின் நிலைமை குறித்து 1891இல் அறிக்கை எழுதிய காலம் அது. குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத பண்ணையாட்களுக்கு நிலம் வேண்டுமென்று கௌடியும் வாதாடினார். ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட ஆய்வுநூல் இத்தகைய மிஷன் காகிதங்களைச் சர்க்கார் கோப்புகளோடு சேர்த்து வைத்துப் படித்ததால் வலுப்பெற்றது. சர்க்கார் கோப்பு மட்டும் இருந்திருந்தால் மிராசுதாரின் குரல்தான் ஓங்கியிருக்கும்.

ஆனால் பாதுகாக்கப்பட்டதெல்லாம் மேலே போன காகிதம். நன்கொடை தருகிறவர் மனம் குளிர வேண்டும் என்ற கவலை அதில் இழையோடுகிறது. தெருத்தெருவாக நடந்தவர் தமிழ் உபதேசியார். அவர் சொன்னது துரை ஆங்கிலத்தில் சுருக்கிய இரண்டு வரியாகத்தான் மிஞ்சுகிறது, பல சமயம் பெயர்கூட இல்லாமல். காக்கிறவர் கையிலும் கத்தரி உண்டு: வெஸ்லி இறந்தபின் அவர் குறிப்பெழுதிய ஷேக்ஸ்பியர் நூலை ஜான் பாஸன் என்ற போதகர் உதவாத சரக்கென்று அழித்தார் என்பார்கள்.

கீழே தங்கிய காகிதத்தின் கதி இன்னும் மோசம். 1947 செப்டம்பர் 27 அன்று மெதடிஸ்டுகளும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது. சபைகள் ஒன்றாயின, ஞானஸ்நானப் பதிவேடும் கமிட்டி நடவடிக்கைக் குறிப்பும் அந்தந்த ஊர்த் தகரப்பெட்டியிலேயே நின்றுவிட்டன. ஆயர் மாற்றலாகும்போது சாவி கைமாறும், உள்ளே என்ன இருக்கிறதென்ற பட்டியல் கைமாறாது. இராமபாணப் பூச்சி ஒரு பக்கம், நல்லெண்ணம் மறுபக்கம். கிழிந்த ஏட்டில் செலோடேப் ஒட்டுகிறார்கள். சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி மையோடு சேர்ந்து இறுகிவிடும். லேமினேஷன் அதைவிடக் கொடுமை. பிறகு பிரித்தெடுக்கவே முடியாது. ஒரு நல்ல கேமரா, சாய்வு வெளிச்சம், அமிலமில்லாத உறை போதும். இதற்கு லண்டன் பணம் தேவையில்லை.

படமெடுத்து இணையத்தில் ஏற்றினால் எல்லாம் தீர்ந்தது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். ஸோவாஸ் அட்டவணை மாவட்டம், ஆண்டு என்ற சங்கத்தின் ஒழுங்கில் போகிறது. திருத்தணிக்காரர் ஒருவர் தேடுவது தன் பாட்டனின் சேரியை. அதுவும் 1911 வரை வட ஆற்காடு, பிறகு சித்தூர், 1960இல்தான் தமிழகம் என்று மூன்று நிர்வாகம் கண்ட வட்டாரம் இது. ஊர்ப்பெயரும் உபதேசியார் பெயரும் கொண்ட தமிழ் அடைவு ஒன்று இல்லாதவரை, திறந்து வைத்த பெட்டியும் அவருக்குப் பூட்டிய பெட்டிதான். அந்த அடைவை லண்டன் நூலகரால் தயாரிக்க முடியாது. எந்தக் காலனி எந்த ஏரிக்கரையில் இருந்ததென்று தெரிந்த இந்தப் பக்கத்து ஆசிரியர்களாலும் சபை மூப்பர்களாலும் முடியும்.