லிலியந்தாலின் அட்டவணை மீது விழுந்த பழி

கிளைடர் வரலாறு எழுதுபவர்கள் பலர் ஒரு வரியைத் தவறாமல் சேர்த்துவிடுவார்கள்: ஓட்டோ லிலியந்தாலின் அட்டவணை தப்பு, ரைட் சகோதரர்கள்தான் அதைத் திருத்தினார்கள். பறவைகளின் பறத்தலை அடிப்படையாக வைத்து அவர் 1889-ல் ஜெர்மனில் எழுதிய நூலை, 1911-ல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். இந்தப் பழி நியாயமாகப் படவில்லை. நூலில் குறை இருக்கு, ஆனால் அது வேறு இடத்தில் இருக்கு.

முதலில் பலத்தைச் சொல்லிடணும். செங்கால் நாரை பறப்பதை எல்லோரும்தான் பார்த்தார்கள். லிலியந்தால் தம்பி குஸ்தாவுடன் சேர்ந்து அளந்து பார்த்தார். சுழலும் கம்பத்தின் நுனியில் சிறகு வடிவங்களைப் பொருத்தி, எந்தக் கோணத்தில் எவ்வளவு தூக்குவிசை கிடைக்கிறது என்று குறித்துவைத்தார். தட்டைப் பலகையைவிட லேசாக வளைந்த சிறகு அதிகம் தூக்கும் என்பதை எண்களோடு நிறுவியதுதான் நூலின் உயிர்.

சரி, பழி எப்படி வந்தது? 1901-ல் ரைட் சகோதரர்களின் கிளைடர் கணக்கு சொன்ன அளவுக்குத் தூக்கவில்லை. அவர்களின் சந்தேகம் லிலியந்தாலின் அளவீடுகளிலிருந்து வந்த அட்டவணை மேல் விழுந்தது. சின்னதாக ஒரு காற்றுச் சுரங்கம் கட்டி அவர்களே சோதித்தார்கள். அவருடைய சிறகு வடிவத்துக்கு அட்டவணை பெரும்பாலும் சரியாகவே இருந்தது. சமன்பாட்டில் 18-ஆம் நூற்றாண்டிலிருந்து புழங்கிய காற்றழுத்த மாறிலிதான் முக்கியமான வில்லன்: 0.005 என்று போட்டிருந்தார்கள், உண்மையில் அது 0.0033-க்கு அருகில். கணக்கு ஒன்றரை மடங்கு ஊதிப்போச்சு. போதாக்குறைக்கு அவர்களின் சிறகு வடிவமும் வேற.

நூலின் உண்மையான குறை சமநிலை. தூக்குவிசைக்கு அவ்வளவு கறாராக அளந்தவர், காற்று திடீரென்று ஒரு பக்கம் தள்ளினால் என்ன செய்வது என்பதற்கு அதே உழைப்பைத் தரவில்லை. அவருடைய கிளைடர்களில் உடலை நகர்த்தித்தான் சமன் செய்யணும். அந்த முறையே தப்பு என்று சொல்ல மாட்டேன், இன்றைய ஹேங் கிளைடரும் அப்படித்தான் பறக்குது. ஆனால் அதில் முழு உடலும் தொங்குகிறது. லிலியந்தாலோ தோள்வரை சட்டத்துக்குள். வீசுவதற்குக் கால்களும் இடுப்பும்தான் மிச்சம். 1891 முதல் சுமார் 2000 முறை மிதந்தவர், 1896 ஆகஸ்ட் 9 அன்று ஸ்டோல்ன் ஊர் அருகே கிளைடர் நிலைகுலைந்து விழுந்து, மறுநாள் இறந்தார்.

ரைட் சகோதரர்கள் உண்மையில் மாற்றியது இந்த இடத்தைத்தான். சிறகை முறுக்கும் ஏற்பாடு, 1902 கிளைடரில் அசையும் சுக்கான். அட்டவணையைத் திருத்தினார்கள் என்ற கதையில் இந்தப் பெரிய சாதனையே மறைந்துபோகுது. அளந்து வைத்தவருக்கும் வீண் கெட்ட பெயர்.

நூலைத் தேடிப் படிப்பவர்கள் சிறகடித்து முன்னேறுவது பற்றிய பகுதிகளை வேகமாகத் தாண்டலாம். வளைந்த சிறகின் அளவீடுகளை மட்டும் நிதானமாகப் படிங்க.