கே.பி.எஸ்.: திரை தராத வேடம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கோயில் பொங்கல்னா விடியக்காலையிலேயே குழாய் ஸ்பீக்கரில் கே.பி. சுந்தராம்பாள் பாட ஆரம்பிச்சிடுவார். சின்ன வயசுல அவரைக் கிழவி என்றே நினைத்திருந்தேன். முக்கியப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது.

‘நந்தனார்’ (1935): ஆண் வேடம், சம்பளம் ஒரு லட்சம். ‘மணிமேகலை’ (1940): துறவி. ‘ஔவையார்’ (1953): கிழவி, அப்போது அவருக்கு 45 வயதுகூட ஆகவில்லை. ‘பூம்புகார்’ (1964): கவுந்தியடிகள், மறுபடி துறவி.

1933இல் கிட்டப்பா இறந்தபோது இவருக்கு வயது 25. வெள்ளைச் சேலை அவர் எடுத்த முடிவு. மதிக்கலாம். ஆனால் சினிமா அதையே வசதியான அச்சாக்கிக்கொண்டது என்பதுதான் என் குறை. கிட்டப்பாவோடு மேடையில் வள்ளியாகப் பாடியவரை இந்தப் படங்களில் தேடினேன். குரல் இருக்கிறது, வள்ளி இல்லை.