சாப விமோசனம்: சொல்லும் செயலும் பிரியும் இடம்

'சாப விமோசனம்' புதுமைப்பித்தன் (1906–1948) எழுதிய சிறுகதை. 1943-இல் 'கலைமகள்' இதழில் வெளிவந்தது. அகலிகை சாபம் நீங்கி எழுந்தாள் என்பதோடு நாம் கேட்ட கதை முடிந்துவிடும். எழுந்த பிறகு அவள் எப்படி வாழ்ந்தாள் என்று கேட்பது இக்கதை. கற்பைப் பற்றிய கதை, இராமனைக் கேள்வி கேட்கும் கதை என்றே பலரும் இதைப் படிக்கிறார்கள். அது தவறில்லை. ஆனால், மனிதர் சொல்வதற்கும் செய்வதற்கும் இடையே விரிசல் எங்கே விழுகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் தமிழ்க் கதைகள் குறைவு என்பது என் கருத்து. அந்தக் கோணத்தில் இதை இங்கே பார்க்கலாம்.

கம்பனில் உள்ள முடிச்சு

அரியமங்கலத்திலிருந்து காவிரியைத் தாண்டினால் திருவரங்கம். அங்கே கோயிலில் தாயார் சன்னதிக்கு அருகே ஒரு மண்டபம் இருக்கிறது. கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றிய இடம் அது என்பது வழிவழியாக வரும் செய்தி. கம்பர் மண்டபம் என்றே அதற்குப் பெயர்.

அந்தக் காவியத்தில் இரண்டு இடங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பாலகாண்டத்து அகலிகைப் படலத்தில், அவள் மனத்தால் பிழை செய்யாதவள் என்று சொல்லப்பட்டு, கோதமரிடம் சேர்க்கப்படுகிறாள். இராமன் அங்கே நிற்கிறான். யுத்த காண்டத்து மீட்சிப் படலத்தில் அதே இராமன் சீதையைப் பார்த்துக் கடுஞ்சொற்கள் பேசுகிறான். அவள் தீயில் இறங்குகிறாள். இரண்டுக்கும் நடுவே நான்கு காண்டங்கள் இருப்பதால் கேட்பவர்க்கு முரண் உறைப்பதில்லை. புதுமைப்பித்தன் செய்தது அந்த இடைவெளியை அழித்ததுதான். ஒருத்தியின் கதையை மற்றவள் காதில் விழச் செய்துவிட்டார்.

சீதை சொல்லும் காரணம்

வனவாசம் முடிந்து இராமனும் சீதையும் அகலிகையின் குடிசைக்கு வருகிறார்கள். இராமனும் கோதமனும் வெளியே போய்விட, பெண்கள் இருவரும் தனித்திருக்கிறார்கள். தீக்குளித்ததைச் சீதை சாதாரணமாகச் சொல்கிறாள். அகலிகை துடித்துப்போகிறாள். அவர் கேட்டார், நான் செய்தேன் என்ற அளவில்தான் சீதையின் பதில். உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்பதே காரணம்.

கதையின் உயிர் இங்கே இருக்கிறது. இராமன் பொய்யன் என்று புதுமைப்பித்தன் காட்டவில்லை. அகலிகையிடம் காட்டிய கருணையும் உண்மை, சீதையைத் தீயில் இறங்க வைத்ததும் உண்மை. முதலாவது ஆள் நடமாட்டமில்லாத காட்டில் நடந்தது. இரண்டாவது ஊரும் படையும் பார்க்க நடந்தது. பார்க்கிறவர் வந்து சேர்ந்ததும் செயல் வேறாகிவிட்டது. நாம் பொதுவாக இத்தகைய முரணைப் 'போலித்தனம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். மனத்தில் உள்ளதையே சொன்ன ஒருவர், செய்யும்போது உலகத்தின் முகத்தைப் பார்த்துவிடுகிறார் என்பது இக்கதை தரும் விளக்கம்.

இதை நான் பாடம் நடத்தித் தெரிந்துகொள்ளவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவியின் பையில் எவனோ கடிதம் வைத்துவிட்டான். அவளைத் தனியே அழைத்து, "உன்மேல் தப்பில்லை கண்ணு" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். மறுநாள், பேச்சு அடங்கட்டும் என்று, அவளைப் பின் வரிசைக்கு மாற்றினேன். "தப்பில்லைன்னு சொன்னீங்களே டீச்சர்?" என்று கேட்டாள். "நாலு பேர் பேசுவாங்கம்மா" என்பதுதான் என் பதில். சீதை சொன்ன 'உலகம்' அந்த நாலு பேர்தான் என்பது மிகவும் பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

கோதமன்

கோதமனையும் ஆசிரியர் விட்டுவைக்கவில்லை. புதுமைப்பித்தன் 1930-களில் எழுதிய 'அகல்யை' என்ற கதையில், மனத்தூய்மையே கற்பு என்று சொல்லிக் கோதமன் மனைவியை ஏற்றுக்கொள்கிறான். கதை அங்கே நிறைவடைகிறது. 'சாப விமோசன'த்தில் அந்த மன்னிப்பு தொடக்கம் மட்டுமே. கோதமன் உண்மையாகவே மாறியிருக்கிறான். தன் அவசரத்துக்கு வருந்துகிறான். இருந்தும் அகலிகைக்கு எந்த ஆணைப் பார்த்தாலும் நெஞ்சு நடுங்குகிறது. மற்ற பெண்கள் அவளை ஒதுக்குகிறார்கள். மன்னித்தேன் என்ற சொல் அவளுடைய அன்றாடத்துக்குள் போய்ச் சேரவே இல்லை.

முடிவில் கோதமன் அவளை அணைக்க நெருங்கும்போது அவன் அவளுக்கு இந்திரனாகவே தெரிகிறான். அவள் மறுபடி கல்லாகிறாள். முதல் முறை கல்லானது கணவன் இட்ட சாபத்தால். இரண்டாவது முறை யாரும் சாபம் இடவில்லை.

கதையில் குறை இல்லாமல் இல்லை. நடுப்பகுதியில் தர்மம் பற்றிய சிந்தனைகள் சற்று நீள்கின்றன. கைகேயி வரும் காட்சி வலுவானது, ஆனால் அதற்குரிய இடம் கிடைக்காமல் விரைந்து போகிறது. இவை அந்த முடிவின் கனத்தைக் குறைக்கவில்லை.

புதுமைப்பித்தனின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. மாணவர்கள் இரண்டு கதைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இராமன் செய்தது சரியா என்று விவாதிப்பதற்கு முன், ஒருவரிடம் தனியே சொன்ன ஆறுதலை நாலு பேர் முன்னிலையில் நாம் காப்பாற்றினோமா என்று கேட்டுக்கொள்ளலாம். என் மாணவியிடம் நான் காப்பாற்றவில்லை.